அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை

1

நான் ஆபீசரான செய்தி எனக்கே வாட்ஸப்பில்தான் வந்தது.

காலை ஆறரை மணி. வேலைக்குக் கிளம்பச் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகள் மேனகா ஊரிலிருந்து ஒரு பிடிஎப் அனுப்பியிருந்தாள். நம்ம கார்த்தியின் பயோடேட்டா கல்யாண குரூப்பில் சுற்றுகிறது, பாருங்கக்கா என்று கீழே ஒரு வரி. கார்த்தி என் ஒரே தம்பி. முப்பத்து நான்கு வயது. எடப்பாடியில் அப்பாவோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டுகிறான். எங்கள் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளை மலிவு, பெண் குதிரைக்கொம்பு. ஐந்து வருடமாக வீடு வீடாகப் போய்ப் பஜ்ஜி தின்றதுதான் மிச்சம். தறிக்காரனுக்குக் கொடுக்க மாட்டோம் என்று பாதிப்பேர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், மீதிப்பேர் ஜாதகத்தின் மேல் பழி போட்டார்கள்.

பிடிஎப்பில் மஞ்சள் பார்டர், மேலே பிள்ளையார், நடுவில் கோட்டு போட்டுக்கொண்டு வேர்வையோடு நிற்கும் தம்பி. தறி எத்தனை, தோட்டம் எத்தனை ஏக்கர் எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில்தான் நான். "உடன்பிறந்தோர்: அக்கா ஒருவர். ஆஸ்திரேலியாவில் மருத்துவத்துறை உயர் அதிகாரி."

கண்ணாடியைப் பார்த்தேன். உயர் அதிகாரியின் சட்டையில், வயிற்றுக்கு மேலே, பிளீச்சிங் சிந்தி வெளுத்த ஒரு வட்டம் இருந்தது. நான் முதியோர் இல்லத்தில் துப்புரவுப் பணியாளர். சுருக்கமாகச் சொன்னால் கக்கூஸ் கழுவுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அதே வாரத்தில் அப்பா எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்.

2

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அந்தக் கைவேலைக்குத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. எனக்குக் கொடுத்தது அவருடைய மனைவி என்ற ஒரு கட்டத்தை. குடியுரிமை விண்ணப்பத்தில் 'தொழில்' என்று இருந்த இடத்தில் நான் 'கிளீனர்' என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் படித்தாள், முத்திரை குத்தினாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒரு முழு அரசாங்கமே என் வேலையைப் பற்றி முகம் சுளிக்கவில்லை. என் அப்பாவுக்குத்தான் ஆகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் பொய் என்னுடையதுதான். வேலை கிடைத்த அன்று அப்பாவிடம், ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடம், வயசானவங்களைப் பாத்துக்கற இடம் என்று மட்டும் சொன்னேன். அங்கே எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஊரில் ஆஸ்பத்திரி என்று சொன்னார். ஊர் நர்ஸ் என்றது. அப்புறம் வருடத்துக்கு ஒரு படி ஏறி ஆபீசர் வரைக்கும் போய்விட்டேன்.

வேலை பிடிக்கவில்லையா என்றால், பிடிக்கும். என் இங்கிலீஷ் அங்கேதான் வளர்ந்தது. முதல் வாரம் ஒரு தாத்தாவின் அறைக்குள் வாளியோடு போய், உங்கள் அறையை முதலில் முடித்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்து, இங்கிலீஷில் "முதலில் உங்களை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து நான் எந்த அறைக்குள் போனாலும், கொலைகாரி வந்துவிட்டாள் என்று வரவேற்பு. இப்படி ஒரு செல்லப்பெயர் எந்த ஆபீசருக்குக் கிடைக்கும்?

இதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டாமா? ஊரில் என்றால் தறிக்கூடத்திலேயே சொல்லிச் சிரித்து முடித்திருப்பேன். இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். அப்படி ஒரு நாள் போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பித்ததுதான் 'வாளியும் நானும்' என்ற என் சேனல். விசயம் மேனேஜர் காதுக்குப் போனது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே அவர் அறைக்குப் போனேன். அவர் நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். உள்ளே படம் எடுக்கக் கூடாது, அங்கே வசிப்பவர்களின் முகமோ பெயரோ வரக் கூடாது, கார் நிறுத்தும் இடத்தில் உங்கள் முகத்தை நீங்கள் எடுத்தால் அது உங்கள் பாடு. கையெழுத்துப் போட்டேன். அடுத்த வீடியோ வந்ததும், அதில் காட்டிய சோப்பு நன்றாக இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

3

பின்னால் அப்பாவோடு நடந்த சண்டைக்குக் காரணமான வீடியோ என் சொந்த வீட்டுக் கக்கூஸில் எடுத்தது. பயோடேட்டா வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே போட்டது. கறையை எதால் தேய்ப்பது, மூடியின் அடிப்பக்கத்தை ஏன் யாரும் துடைப்பதில்லை, ஒரு நாளைக்கு இருபத்திரண்டு அறை கழுவுகிறவள் இடுப்பை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, இவ்வளவுதான் விசயம். கடைசியில் நான் சொன்னது இது: "இது என் வேலைங்க. இதுல சம்பாதிச்சுத்தான் சோறு திங்கறேன். மூக்கைப் பொத்தறவங்க பொத்திக்கங்க, கையை மட்டும் கழுவிட்டுப் போங்க."

அது எப்படியோ லட்சம் பேரைத் தாண்டி ஓடியது. திட்டு வந்தது, மெனக்கெட்டுக் கெட்ட வார்த்தை எழுதினவர்களும் உண்டு. புருசன் ஒழுங்காக இருந்தால் பொம்பளை இப்படிப் பேசுவாளா என்று ஒருத்தர். புருசன் பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பதில் போட்டேன்.

வந்ததில் ஒன்றை மட்டும் அப்படியே எழுதுகிறேன். "அக்கா நான் வாழப்பாடி. ஆஸ்பத்திரியில பெருக்கித் துடைக்கிற வேலை. என் பொண்ணு ஸ்கூல் பாரத்துல அம்மா வேலைன்னு இருந்த இடத்துல ஹவுஸ் ஒய்ஃப்னு எழுதிட்டா. உங்க வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அடுத்த நாள் அடிச்சிட்டு மாத்தி எழுதியிருந்தா." இதைப் படித்துவிட்டு அன்றைக்குக் காருக்குள் அழுதேன், சாப்பாட்டு நேரம் தாண்டிப்போய்ச் சூப்பர்வைசரிடம் பேச்சும் வாங்கினேன்.

4

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவளும் ஒரு வீடியோவை அழிக்கச் சொன்னாள். வேறு வீடியோ. நான் சமையலறையில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அவள் பிரிட்ஜைத் திறந்து பாலைப் பாக்கெட்டோடு குடித்துவிட்டுப் போகிறாள், முழுசாக நாலு நொடி. பள்ளியில் யாரோ அதை வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். வந்ததும் பையை எறிந்துவிட்டு, என்னைக் கேட்காமல் என் முகத்தைப் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கத்தினாள்.

பெற்றவளுக்கு இல்லாத உரிமையாடி என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு முந்தி, பவுடர் போட்டு நிற்க வைத்து எடுத்த என் போட்டோ சேலம், நாமக்கல் என்று எத்தனை வீட்டுக்குப் போய் வந்தது, யார் யார் கையில் எடுத்துப் பார்த்து மூக்கைப் பற்றிப் பேசினார்கள் என்று யாராவது என்னைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் எதிரிலேயே வீடியோவை அழித்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் ஓகே என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

5

முன்பெல்லாம் சம்பந்தம் என்றால் விசாரிக்க ஆள் வரும். டீக்கடையில் கேட்பார்கள், ஊட்டுக்குப் பக்கத்தில் கேட்பார்கள், மாப்பிள்ளை குடிப்பானா என்று சரக்கு விற்கிறவனையே கேட்பார்கள். இப்போது போனிலேயே விசாரித்துவிடுகிறார்கள். தம்பிக்கு ஒரு இடம் கூடி வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, பெண் பேங்கில் வேலை, பெண்ணின் அப்பா ஓய்வுபெற்றவர். தறிக்காரன் என்று தெரிந்தும் சரி என்றார்கள். பையனும் பெண்ணும் இரண்டு முறை பேசிச் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரோ ஆபீசர் அக்காவைத் தேட, நான் கக்கூஸோடு கிடைத்தேன்.

அப்பாவுக்குப் போன் வந்திருக்கிறது. அந்த வீடியோவில் இருப்பது உங்கள் மகளா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா அசரவில்லை. அது சும்மா நடிப்புங்க, வெளிநாட்டுல இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டார்.

பிறகு எனக்கு ஆடியோ வந்தது. அப்பா எழுத்து அடிக்க மாட்டார், ஆடியோதான் அனுப்புவார். வழக்கமாகப் பருவமழை, பாவு நூல் விலை, கரண்ட் கட் என்று மூன்று நிமிடம் ஓடும். இது இருபது நொடி. "சாமி, அந்த வீடியோவை எடுத்துரு. உன் தம்பி வாழ்க்கை. வேறொண்ணும் கேக்கல."

நான் கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஆறு வருடமாக நான் செய்கிற வேலையை நடிப்பு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியாது, நீ அங்கே இருக்கிறாய் என்றார். அம்மா இருந்திருந்தால் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டியிருப்பாள். அவள் போய் ஏழு வருடம் ஆகிவிட்டதால் எங்களை அடக்க ஆளில்லை. யாழினி கேட்டதும் அழித்தாயாமே, அப்பன் கேட்டால் முடியாதா என்றார். யாழினி கேட்டது அவள் முகத்தை, நீங்கள் கேட்பது என் முகத்தை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்பாவை எதிர்ப்பது எனக்குப் பழக்கம். தம்பிதான் என்னை ஆட்டிவிட்டான். "அக்கா, எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்குது" என்று மட்டும் எழுதியிருந்தான். இதை அவன் அதுவரை எந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீடியோவைத் திறந்து அழிக்கும் இடம் வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன். உறுதியாகவா என்று போன் கேட்டது. அதைப் பார்த்ததும் அந்த வாழப்பாடிப் பெண் எழுதியது நினைவுக்கு வந்தது. அவள் மகள் அடித்துத் திருத்திய அந்தப் படிவத்தை நான் மறுபடி அடித்ததாகிவிடும். வேண்டாம் என்பதை அழுத்தினேன். தம்பிக்கு எழுதினேன்: "கார்த்தி, உனக்காக உசுரைக் கேளு, யோசிக்கறேன். இதைக் கேக்காத. அவங்க வேண்டாம்னு சொன்னா நான் உன் முன்னாடி வந்து நின்னு அழறேன். அழிக்க மாட்டேன்." அவன் பார்த்துவிட்டான் என்று இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கமும் இல்லை.

6

ஒன்பது நாள் கழித்துக் கல்யாணம் நிச்சயமானது. தன் நடிப்புக் கதை எடுபட்டுவிட்டது என்பது அப்பாவின் முடிவு. எடுபட்டதைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் எனக்கு நிபந்தனை வந்தது. நீ வா, முன்வரிசையில் உட்கார், சாப்பிடு. மேடை ஏறாதே. கல்யாணம் யூடியூப் லைவில் ஓடும், பெண் வீட்டுச் சொந்தம் அமெரிக்கா வரைக்கும் பார்க்கும், உன் முகத்தைப் பார்த்தால் மறுபடி பேச்சு கிளம்பும். இணைச்சீருக்கு மேனகா நிற்கட்டும்.

இணைச்சீர் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முந்தி நடக்கும் சடங்கு. மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் மணையில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். நாளைக்கு வரப்போகிறவள் வரட்டும், இன்றைக்கு வரை இவனுக்கு நான் இருந்தேன், இனியும் இருப்பேன் என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பெரியப்பா மகள், சித்தப்பா மகள் நிற்பார்கள். நான் செத்தா போய்விட்டேன்?

டிக்கெட் போட்டேன். வீட்டுக்காரர் மகளோடு இருந்துகொண்டார், அவளுக்குப் பரீட்சை. போவதற்கு முன்னால் அப்பாவிடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாரேன் என்று மட்டும் சொன்னேன்.

7

எடப்பாடியில் மண்டபம். முன்வரிசையில் உட்கார்ந்தேன், பட்டுச்சேலை கட்டி, கொண்டுவந்த நகை எல்லாம் போட்டு. பத்து நிமிடத்துக்குள் பின்வரிசையில் போனைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நீங்கதானே அந்தக் கக்கூஸ் அக்கா என்று ஒரு பெண் கேட்டே விட்டாள். ஆமாம் என்றேன். உடனே பக்கத்தில் உட்கார்ந்து செல்பி எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், அவர்களும் ஓரக்கண்ணால் பார்த்துக் கேமரா பக்கம் தலையைச் சாய்த்தார்கள். எங்கள் ஊர் இப்படித்தான். அப்பா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடை ஓரத்தில் மேனகா தயாராக நின்றாள். பாவம், என்னைப் பார்க்க அவளுக்கு முகமே இல்லை. சித்தப்பா சொன்னதால்தான் நிற்கிறேன் என்று காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"இணைச்சீருக்குக் கூடப்பொறந்தவ வரட்டுமுங்க."

மேனகா ஒரு காலை எடுத்து வைத்தாள். நான் எழுந்தேன். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படி ஏறினேன். அப்பா வேகமாக வந்து படிக்கு மேலே நின்றார். உதடு அசையாமல் பேசினார்.

"சாந்தி. லைவ் ஓடுது."

"ஓடட்டுங்கப்பா."

"சாமி, சொன்னாக் கேளு."

"கூடப்பொறந்தவளைக் கூப்புட்டாங்க. நான்தானுங்கப்பா."

நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கேமராக்காரர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். விலகாவிட்டால் அப்பனும் மகளும் அடித்துக்கொள்வதை அமெரிக்கா பார்க்கும், விலகினால் என்னைப் பார்க்கும். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விலகினார். மேனகா கூறைச்சேலை வைத்த கூடையை என் கையில் கொடுத்துவிட்டு மூச்சை விட்டாள். மணையில் நின்ற தம்பி என்னைப் பார்த்தான். அந்த நீல டிக்குக்கு அப்புறம் அவன் என்னோடு முகம் பார்த்துப் பேசவில்லை. இப்போது நகர்ந்து இடம் விட்டு, "வாக்கா" என்றான். சேலையின் முனையை என் கையில் கொடுத்தான். என் கை காய்ப்புப் பிடித்த கை, பட்டில் சொரசொரத்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கேமராக்காரர் கொஞ்சம் சிரிங்கக்கா என்றார். எனக்கு அழுகைதான் வந்தது, அதைத்தான் எடுத்தார்.

தாலி கட்டி முடித்துப் பந்தியில் உட்கார்ந்தோம். அப்பா எனக்கு இடப்பக்கம், என்னை மேற்பார்வை பார்க்க. பெண்ணின் அப்பா சம்பந்திகளைக் கவனித்துக்கொண்டே வந்தவர் எங்கள் எதிரில் நின்றார். மென்மையான மனிதர். நல்லாச் சாப்பிடுங்கம்மா என்றார். அப்புறம், அங்கே உங்களுக்கு என்ன வேலைங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா சோற்றை விட்டுவிட்டு முந்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில, சம்பந்தி, நிர்வாகத்துல..."

"கக்கூஸ் கழுவறனுங்க" என்றேன். "ஆறு வருசமா. அந்த வீடியோ நடிப்பில்லைங்க."

பக்கத்து இலைக்காரர்கள் இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள். பெண்ணின் அப்பா பதறவில்லை, என் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியுமுங்கம்மா, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். பார்த்த அன்னைக்கே தெரியும், நடிக்கிற கை மாதிரி இல்லைன்னு என் பொண்ணு சொன்னா. தெரிஞ்சுதான் குடுத்தோம். அதையெல்லாம் நாங்க பெருசா எடுத்துக்கலைங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது, முகமெல்லாம் சிரிப்பு. ஒன்பது நாள் பயந்ததும், என்னை மேடை ஏறாதே என்றதும், ஒன்றுமே நடக்காத மாதிரி சம்பந்தியோடு சேர்ந்து சிரித்தார். நானும் அங்கேயே சிரித்துவிட்டுப் பாயசத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் சம்பந்தி என்னை மன்னித்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லையே.

"பெருசாவே எடுத்துக்கங்க" என்றேன். "பெரிய வேலைதானுங்க அது."

நகைச்சுவை என்று நினைத்து இரண்டு பேரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்கள் நிறுத்தும் வரைக்கும் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சம்பந்தி நிறுத்தினார். பிறகு அப்பா. அதற்கப்புறம்தான் ரசம் கொண்டுவரச் சொன்னேன்.